கடக்க முடியாத ஆறும் குற்றாலச் சாரலும்

நுழையும்முன்

இயற்பியல் பாடத்தில் ‘வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு’ என்னும் தொடரைக் கற்கிறீர்கள். அதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரடை ‘அடியபாட்டிக்’ என்பது. வாய்பாடாக மட்டுமே பலர் அறிந்த அச்சொல், முதலில் ஆறுகளைக் குறிக்க வழங்கியது; பின்னர் நீராவி எந்திரத்துக்கு வந்தது; இன்று வானிலை அறிக்கை வரை பரவியுள்ளது. அதன் பொருள் வரலாற்றையும், தமிழில் அது பெற்ற பெயர்களையும் இப்பாடம் பேசுகிறது.

ஆனி பிறந்து தென்மேற்குப் பருவக்காற்று வலுத்தபின், தென்காசி மாவட்டம் பாவூர்சத்திரத்தில் நின்று மேற்கே நோக்கினால் பல நாள்களில் மலைமுகடு கண்ணுக்குத் தெரியாது. முகட்டின்மேல் வெண்முகில் படிந்திருக்கும். அது கிழக்குச் சரிவில் வழிந்து இறங்கும். ஆயினும் அடிவாரத்தைத் தாண்டிச் சிறிது தொலைவு வந்ததும் கரைந்து மறையும். அம்முகிலின்கீழே குற்றாலத்தில் சாரல் பெய்துகொண்டிருக்கும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீர் கொட்டும். அங்கிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் கிழக்கே உள்ள பாவூர்சத்திரத்திலோ பெரும்பாலும் காற்று மட்டுமே வீசும். சந்தையில் காய்கறி மூட்டை சுமப்போர் தலைத்துண்டு பறக்காமல் இறுக்கிக் கட்டிக்கொள்ளும் அளவுக்கு வீசும், மழை இராது. ஆலங்குளம், சுரண்டை வட்டாரங்களில் அதே காற்று காற்றாலைகளைச் சுழற்றும்.

ஒரே காற்று ஒரு பக்கம் மழையையும் மறுபக்கம் வறட்சியையும் தருவது எவ்வாறு? ‘மலை தடுத்துவிடுகிறது’ என்று விடை கூறுவது வழக்கம். அவ்விடை பாதி உண்மையே. மலை தடுத்திருந்தால் காற்றும் அன்றோ நின்றிருக்க வேண்டும்? காற்று மலையைக் கடந்து வருகிறது. ஈரம்தான் குறைந்து வருகிறது. விடையின் மறுபாதியை விளங்கிக்கொள்ள, மேற்சொன்ன பெயரடையின் பொருளைச் சரியாக அறிதல் வேண்டும்.

ஆற்றங்கரைச் சொல்

‘அடியபாட்டிக்’ என்பது கிரேக்க மொழியிலிருந்து ஆக்கப்பெற்ற சொல். அதனை மூன்றாகப் பிரிக்கலாம். முதலில் நிற்கும் ‘அ’ எதிர்மறையைக் காட்டும் முன்னொட்டு. அநீதி, அசுத்தம் முதலிய வடசொற்களில் நாம் காணும் ‘அ’வுக்கு இது உறவுடையது. அடுத்து வரும் ‘டியா’ என்பது ஊடாக, குறுக்காக என்னும் பொருளது. இறுதிப் பகுதி ‘பைனெய்ன்’ என்னும் வினையிலிருந்து வந்தது; அதற்குச் செல்லுதல் என்பது பொருள். மூன்றும் சேர்ந்து ‘ஊடு செல்ல இயலாத’, ‘கடக்க முடியாத’ என்னும் பொருளைத் தந்தன.

கிரேக்க வரலாற்றாசிரியர் செனபோன் இச்சொல்லை ஆறுகளுக்கு அடைமொழியாக்கினார். பாரசீகத்தின் உள்நாட்டில் சிக்கிய கிரேக்கப் படைவீரர்கள் தாயகம் திரும்ப முயன்ற வரலாற்றை எழுதியவர் அவர். அவ்வீரர்களுக்குப் பகைவரைப் போலவே ஆறுகளும் அச்சம் தந்தன. காலால் நடந்து கடக்க இயலாத ஆழமும் விரைவும் உடைய ஆறே ‘அடியாபடோஸ்’. வெப்பம், வாயு, அழுத்தம் ஆகியவற்றோடு அன்று இச்சொல்லுக்கு யாதொரு தொடர்பும் இல்லை.

இதன் உறவுச் சொற்கள் இரண்டை நீங்கள் அறிவீர்கள். கம்பியின்மேல் நடந்து வித்தை காட்டுபவரைக் குறிக்கும் ‘அக்ரோபாட்’ என்பதில் அதே ‘செல்லுதல்’ வினை உண்டு. உயரத்தில் நடப்பவர் என்பது அதன் மூலப்பொருள். மற்றொன்று நாள்தோறும் காதில் விழும் ‘டயாபடீஸ்’. எதிர்மறை ‘அ’ இல்லாத ‘ஊடு செல்லுதல்’ அது. உடலில் நில்லாமல் நீர் ஊடறுத்து வெளியேறுதலைக் கண்டு பழைய கிரேக்க மருத்துவர் அப்பெயரிட்டனர். அதே நோய்க்குத் தமிழ் மருத்துவம் தந்த பெயர் நீரிழிவு. இழிதல் என்பது இறங்குதல். ஒருவர் சொல்லை மற்றவர் பார்த்து எழுதினார் என்று கருதத் தேவையில்லை. இருவரும் ஒரே நோயைக் கூர்ந்து பார்த்திருக்கின்றனர்.

ஆற்றின் அடைமொழியை எந்திரத்தின் அருகே கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்து நாட்டுப் பொறியாளர் வில்லியம் ரேங்கின். 1820 முதல் 1872 வரை வாழ்ந்த அவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பொறியியல் பேராசிரியராக விளங்கினார். நீராவி எந்திரத்தின் உருளைக்குள் ஆவி விரியும்போது, உருளையின் சுவரைக் கடந்து வெப்பம் உள்ளே வராமலும் வெளியே போகாமலும் இருந்தால் என்ன நிகழும் என்று அவர் கணக்கிட்டார். அந்நிலையைக் குறிக்க ஒரு சொல் வேண்டியிருந்தது. 1871-இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் தம் வெப்பக் கோட்பாட்டு நூலில் அச்சொல்லை ரேங்கினுடையது என்று குறிப்பிட்டே எடுத்தாண்டார். ஆறு உருளைச் சுவராயிற்று. கடக்க இயலாத படைவீரனின் இடத்தில் வெப்பம் வந்து நின்றது. இவ்வளவே நிகழ்ந்த மாற்றம்.

கருத்து முந்தியது, சொல் பிந்தியது என்பதையும் இங்குச் சேர்த்துக் கூறவேண்டும். ஒலியின் திசைவேகத்துக்கு நியூட்டன் தந்த வாய்பாடு சுழிய டிகிரி செல்சியசில் நொடிக்கு ஏறத்தாழ 280 மீட்டர் என்ற விடையைத் தருகிறது; சோதனையில் கண்டதோ அதைவிட மிகுதி. ஒலி பரவும்போது காற்றின் வெப்பநிலை மாறுவதில்லை என்று நியூட்டன் கருதியதே வேறுபாட்டுக்குக் காரணம். காற்று விரைந்து நெருங்கி விரைந்து நெகிழ்வதால் வெப்பம் பக்கத்திற்குச் செல்ல நேரமே கிடைப்பதில்லை என்று 1816-இல் லாப்லாஸ் திருத்தினார். சுழிய டிகிரி செல்சியசில் 331 மீட்டர் என்னும் சரியான விடை கிட்டியது. லாப்லாஸ் கையாண்ட கருத்துக்கு அன்று இப்பெயர் வழங்கவில்லை.

வெப்பமும் வெப்பநிலையும்

மாணவர் பெரிதும் தடுமாறும் இடத்துக்கு வந்துவிட்டோம். ‘வெப்பப் பரிமாற்றம் இல்லை எனில், வெப்பநிலையும் மாறாது அன்றோ?’ என்று கேட்பவர் ஒவ்வொரு வகுப்பிலும் உள்ளனர். கேள்வி இயல்பானதே. அன்றாடப் பேச்சில் வெப்பம், வெப்பநிலை, சூடு என்பன ஒன்றின் இடத்தில் ஒன்று வருகின்றன. இயற்பியலில் அவ்வாறு இல்லை. வெப்பநிலை என்பது பொருளின் நிலை. வெப்பம் என்பது வெப்பநிலை வேறுபாட்டால் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்லும் ஆற்றல். செல்வதைத் தடுத்துவிட்டால் நிலை மாறாது என்று கூற இயலாது. நிலையை மாற்ற வேறு வழியும் உண்டு.

மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பினை நோக்குங்கள். விரைந்து பலமுறை அடித்தபின் அதன் அடிப்பகுதியைத் தொட்டால் சுடுகிறது. அங்கே யாரும் தீ மூட்டவில்லை. உராய்வுக்கு அதில் சிறு பங்கு உண்டெனினும், காற்றை நெருக்குவதற்கு நம் கை செய்த வேலையே பெரும்பாலும் அக்காற்றின் அக ஆற்றலாகி வெப்பநிலையை உயர்த்தியது. டீசல் எந்திரத்தில் தீப்பொறி தரும் கருவி இல்லாமலே எரிபொருள் பற்றிக்கொள்வதும் இதனால்தான். உருளைக்குள் நெருக்கப்பட்ட காற்று 500 டிகிரி செல்சியசையும் கடந்து சூடேறுகிறது. மாறாக, நிரம்பிய டயரின் வால்வைத் திறந்தால் சீறி வரும் காற்று குளிர்ந்திருக்கிறது. அது விரியும்போது சுற்றியுள்ள காற்றைத் தள்ளி இடம் பிடிக்க வேண்டியிருக்கிறது. அவ்வேலைக்குரிய ஆற்றலை வெளியிலிருந்து பெற வழியில்லாததால் தன் அக ஆற்றலையே செலவிடுகிறது, குளிர்கிறது.

ஆகவே ‘அடியபாட்டிக்’ என்னும் அடை மறுப்பது வெப்பத்தின் செலவை மட்டுமே. வெப்பநிலையின் மாற்றத்தை அது மறுக்கவில்லை. வெப்பநிலை மாறாமல் இருக்கவேண்டுமானால், விரியும் வாயுவுக்கு வெளியிலிருந்து வெப்பம் வந்துகொண்டே இருத்தல் வேண்டும். அது ‘வெப்பநிலை மாறா நிகழ்வு’, முற்றிலும் வேறானது.

மலையேறும் காற்று

இப்போது புனலூர்ப் பக்கத்திலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கி வரும் ஈரக்காற்றுக்கு வருவோம். மலை குறுக்கிடுவதால் அது மேலேறுகிறது. உயரம் மிக மிக, சுற்றிலும் உள்ள காற்றழுத்தம் குறைகிறது. ஏறும் காற்று விரிகிறது. காற்று ஓர் அரிதிற்கடத்தி. ஏறுவதோ பல கிலோமீட்டர் அகன்ற பெருந்திரள். அதன் உட்பகுதிக்கும் வெளிப்புறத்துக்கும் இடையே வெப்பம் சென்று சேர்வதற்குள் அது முகட்டையே அடைந்துவிடும். சுவர் இல்லாமலே, தன் பரப்பினாலேயே அது ஒரு மூடிய உருளைபோல் நடந்துகொள்கிறது. எனவே விரிந்த அளவுக்குக் குளிர்கிறது.

முகில் தோன்றும்வரை இக்குளிர்ச்சி கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி செல்சியசு. முகில் தோன்றியபின் நீராவி நீர்த்துளியாகும்போது உள்ளுறை வெப்பம் வெளிப்படுவதால் குளிர்ச்சி மட்டுப்படும். கிலோமீட்டருக்கு 5 டிகிரி எனக் கொள்ளலாம். அந்த உள்ளுறை வெப்பம் வெளியிலிருந்து வந்ததன்று. அக்காற்றுத் திரளுக்குள்ளேயே நீராவியில் அடங்கியிருந்தது. ஆதலால் ‘வெப்பம் எல்லையைக் கடக்கவில்லை’ என்னும் கூற்றுக்கு இழுக்கில்லை.

கணக்கிட்டுப் பார்ப்போம். எண்கள் எளிமைக்காக எடுத்துக்கொண்டவை. மேற்கு அடிவாரத்தில் காற்று 28 டிகிரியில் புறப்படுகிறது. 800 மீட்டர் உயரத்தில் முகில் தோன்றுகிறது; அப்போது வெப்பநிலை 20 டிகிரி. அங்கிருந்து 1600 மீட்டர் உயரமுள்ள முகடு வரை முகிலோடு ஏறுகையில் மேலும் 4 டிகிரி குறைந்து 16 ஆகிறது. முகிலின் நீர் முழுவதும் மேற்குச் சரிவிலும் முகட்டிலும் மழையாகக் கொட்டிவிட்டது என்று கொள்வோம். இனி, உலர்ந்த காற்று கிழக்கே இறங்குகிறது. இறங்கும்போது அழுத்தம் மிகுவதால் அது நெருக்கப்படுகிறது. பம்பிற்குள் நிகழ்ந்ததே இங்கும் நிகழ்கிறது. 1600 மீட்டர் இறங்கும்போது 16 டிகிரி உயர்ந்து 32 ஆகிறது. புறப்பட்டபோது 28, வந்து சேர்ந்தபோது 32. வழியில் யாரும் அதற்குச் சூடேற்றவில்லை. மழையாகிப் போன நீர் விட்டுச்சென்ற உள்ளுறை வெப்பமே அந்த 4 டிகிரி.

வெப்பநிலை உயர்ந்த காற்று நீரை எளிதில் வெளிவிடாது. இருக்கும் துளிகளையும் ஆவியாக்கிக்கொள்ளும். முகட்டைத் தாண்டி வழியும் முகில் பாவூர்சத்திரத்தை எட்டுமுன் கரைந்து மறைவது இதனாலேயே.

அவ்வாறாயின் குற்றாலத்துக்கு மட்டும் சாரல் எவ்வாறு வாய்த்தது? மலைத்தொடர் ஆரியங்காவுக் கணவாயில் தாழ்ந்திருக்கிறது. 1904-இல் செங்கோட்டையையும் புனலூரையும் இணைத்த இருப்புப்பாதை சென்றதும் அவ்வழியேதான். உயர்ந்த முகட்டைப் போல் அவ்வளவு ஏறி இறங்க வேண்டாமையால், அவ்வழி வரும் காற்று தன் ஈரத்தை முழுதும் இழப்பதில்லை. மேலும் முகட்டில் உண்டான நுண்துளிகள் விழுந்து முடிவதற்குள் காற்று அவற்றைக் கிழக்கே அடித்து வருகிறது. அவை ஆவியாகி மறைவதற்குள் தரையைத் தொடும் அளவுக்கு மலைக்கு நெருக்கமாக இருக்கிறது குற்றாலம். இன்னும் சிறிது கிழக்கே இருந்திருந்தால் அவ்வூருக்கும் காற்று மட்டுமே கிடைத்திருக்கும்.

தெரியுமா?

சாரல் என்னும் சொல் ‘சார்’ என்னும் அடியினது. மலையைச் சார்ந்த சரிவு நிலத்தையே பழந்தமிழ் சாரல் என்றது. மலைச்சாரல் என இன்றும் வழங்குகிறோம். அச்சரிவில் காற்றோடு கலந்து விழும் மென்தூறலுக்கு இடத்தின் பெயரே ஆகிவந்தது. ஆகவே ‘குற்றாலச் சாரல்’ என்பதில் மழையின் பெயரிலேயே மலையும் அடங்கியிருக்கிறது.

கோடை என்னும் காற்று

தமிழர் நாற்றிசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயரிட்டனர். தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. இவற்றுள் கொண்டல் என்பதற்கு மழைமுகில் என்னும் பொருளும் உண்டு. கோடை என்பதற்கு வெயிற்காலம் என்னும் பொருள் உண்டு. கிழக்குக் காற்றை மழையோடும், மேற்குக் காற்றை வெம்மையோடும் இணைத்த இப்பெயர்கள் மலைக்குக் கிழக்கே வாழ்ந்த மக்களின் பெயர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. மலைக்கு மேற்கே உள்ள கேரளத்தார் அதே மேற்குக் காற்றை ‘இடவப்பாதி’ மழையோடு அறிவர். அவர்கள் அதனைக் கோடை என்று அழைத்திருக்க வழியில்லை. ஈரம் இழந்து, இறங்கி, சூடேறி வந்த காற்றைத் தோலால் உணர்ந்தே நம் முன்னோர் பெயரிட்டனர் எனலாம். கணக்கு இல்லாவிடினும் கவனம் இருந்தது.

தமிழில் பெற்ற பெயர்கள்

அறிவியலைத் தமிழில் கற்பிக்கச் சொல் வேண்டும் என்னும் முயற்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1916-இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் கலைச்சொல்லாக்கத்துக்கென ஒரு சங்கம் கண்டு இதழும் நடத்தினர். 1934-இல் நெல்லையில் தொடங்கப்பெற்ற சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938-இல் ‘கலைச்சொற்கள்’ என்னும் தொகுதியை வெளியிட்டது. இலங்கையிலும் தனியே கலைச்சொற்கள் ஆக்கப்பட்டன. இதனால் ஒரே ஆங்கிலச் சொல்லுக்குக் கடலின் இருகரையிலும் வெவ்வேறு தமிழ்ச் சொற்கள் வழங்குகின்றன.

நம் பெயரடைக்கு அவ்வாறு கிடைத்த பெயர்களை ஒப்பிடுவது பயனுள்ளது. தமிழ்நாட்டு இயற்பியல் நூல்களில் ‘வெப்ப மாற்றீடற்ற’ என்றும் பின்னர் ‘வெப்பப் பரிமாற்றமில்லா’ என்றும் வழங்கலாயிற்று. இலங்கை நூல்கள் ‘சேறலில்’ என்று எழுதின. முதலிற் கேட்போர்க்கு இது விளங்காது. ‘செல்’ என்னும் வினையடியோடு ‘தல்’ விகுதி சேர்ந்து ‘சேறல்’ என்று ஆகும். ‘கொள்’ என்பது ‘கோடல்’ என்று ஆவதைப் போன்றது. சேறல் என்பதற்குச் செல்லுதல் என்பதே பொருள். சேறல் இல்லாதது சேறலில். கிரேக்கச் சொல்லின் உறுப்புகளை இதனோடு ஒட்டிப் பாருங்கள்: செல்லுதல், அதன் எதிர்மறை. ரேங்கின் செய்ததை அப்படியே தமிழில் செய்திருக்கின்றனர். ‘எது செல்லவில்லை?’ என்பதை ரேங்கினும் சொல்லவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

சொற்செட்டில் ‘சேறலில்’ சிறந்தது. எனினும், வழக்கொழிந்த சொல்லை அடியாகக் கொண்டமையால் அதற்கு உரை வேண்டியிருக்கிறது. ‘வெப்பப் பரிமாற்றமில்லா’ என்பதில் எது செல்லவில்லை என்பது வெளிப்படை. நீளம் மட்டுமே குறை. என் விருப்பம் ‘வெப்பம் செல்லா’ என்பது. மூலத்தின் வினையும் அதில் உண்டு. செல்லாத பொருளின் பெயரும் உண்டு. விருப்பத்தை விடுங்கள்; தேர்வில் பாடநூற் சொல்லையே எழுதுங்கள்.

ஆனால் சுருக்கம் கருதி ‘வெப்பம் மாறா’ என்று எழுதுவதை மட்டும் ஒப்புக்கொள்ள இயலாது. ‘மாறா’ என்பதும் ‘செல்லா’ என்பதும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சங்களே. வாடா மலர், பொய்யா மொழி என்பன போன்றவை. இலக்கணத்தால் ஒன்றுபட்டாலும் மறுக்கும் வினை வேறு. ‘மாறா’ என்றதும் மனம் வெப்பநிலைக்குத் தாவிவிடுகிறது. வெப்பநிலை மாறாத காற்று மலையேறினால் குளிராது. குளிராத காற்றில் முகில் தோன்றாது. ஐந்தருவியில் நீரும் இராது. ஒரு வினையை மாற்றி எழுதியதால் வரும் பிழையின் அளவு அது.

தெர்மாஸ் குடுவையும் கட்டடச் சுவரும் வெப்பம் கடவாதன என்று கூறும்போது அந்த ‘அடியபாட்டிக்’ எளிதில் விளங்கும். குவாண்டம் இயற்பியலில் அதே சொல் வேறொரு திருப்பம் பெற்றது. மாக்ஸ் பார்னும் விளாதிமிர் ஃபாக்கும் 1928-இல் நிறுவிய தேற்றத்தில், மிக மெதுவாக நிகழும் மாற்றத்துக்கு இப்பெயர் வழங்குகிறது. ஒலியலையிலும் எந்திரத்திலும் விரைவால் வந்த பெயர் இங்கே மெதுமையால் வருவது முரணாகத் தோன்றலாம். அங்கே, விரைந்து நிகழ்வதால் வெப்பம் எல்லையைத் தாண்ட நேரமில்லை. இங்கே, மெல்ல நிகழ்வதால் துகள் ஓர் ஆற்றல் நிலையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதில்லை. விரைவும் மெதுமையும் அச்சொல்லின் பொருள் அல்ல, தாண்டாமையே பொருள்.

கற்பவை கற்றபின்...

1. மிதிவண்டிப் பம்பின் முனையை விரலால் அடைத்து விரைந்து பத்து முறை அழுத்துங்கள். பின்னர் அதே செயலை மிக மெதுவாகச் செய்யுங்கள். இருமுறையும் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டு, கண்ட வேறுபாட்டுக்குரிய காரணத்தை இயற்பியல் ஆசிரியருடன் உரையாடி எழுதுக.

2. உங்கள் ஊரில் வீசும் காற்று, பெய்யும் மழை ஆகியவற்றின் வகைகளுக்குப் பெரியோர் வழங்கும் பெயர்களைத் திரட்டி, ஒவ்வொன்றும் திசை, பருவம், இடம் ஆகியவற்றுள் எதனால் பெற்ற பெயர் என வகைப்படுத்துக.

3. இயற்பியல், வேதியியல் பாடநூல்களில் ‘மாறா’ என முடியும் கலைச்சொற்களைத் தொகுத்து, அவை ஒவ்வொன்றும் மறுப்பது எதனை என்று எழுதுக.